தீப்பெட்டி அளவில் நம்ம காம்பரா

(சிறுவர் நிலைய மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எமது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் போசாக்கு பற்றியோ, சேமலாப நிதிப் பத்திரம் பற்றியோ பேச வரவில்லை. லீவு நாளில் உங்கள் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் குந்திக்கொண்டு குச்சியும் பசையுமாக என்னதான் செய்கிறார்கள் என்று நாலைந்து பேர் எங்களிடம் கேட்டீர்கள். ஒரு அக்கா கொஞ்சம் கோபமாகவே கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

மேட்டு லயத்துத் தம்பி ஒருவர் கட்டாரில் வேலை செய்கிறார். போன முறை வந்தபோது, வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசிகசாலைக்குக் கொடுத்தார். மேலே ஒரு அழகான மாடி வீட்டின் படம். உள்ளே வீடு இல்லை, பலகைத் தாள்கள்தான். ரயில் விளையாட்டு வைத்திருப்பவர்கள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைக்கிற வீடு அது. துண்டு துண்டாக வரும், நாம்தான் ஒட்டிக் கட்டவேண்டும். ஜேர்மனியில் கறுப்புக் காட்டுப் பகுதியில் ஃபாலர் என்ற அண்ணன் தம்பி இரண்டு பேர் 1946ஆம் ஆண்டில் தொடங்கிய கம்பனி இந்த மாதிரி வீடுகளுக்குப் பேர்போனது. பிறகு பிளாஸ்டிக் வந்தது. இப்போது லேசர் கதிரால் வெட்டிய மெல்லிய பலகையிலும் வருகிறது. எங்களுக்குக் கிடைத்தது அந்த வகை.

முதல் வீட்டை நாங்கள்தான் கெடுத்தோம். அதை ஒளிக்கத் தேவையில்லை. சுவர்த் துண்டுகள் சட்டத்தோடு சின்ன முனைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேட்டால் மெதுவாக அறுத்து எடுக்கவேண்டும். நாங்கள் அவசரப்பட்டு கையால் பிய்த்தோம், இரண்டு ஜன்னல் உடைந்தது. பிறகு வெள்ளைப் பலகைப் பசையைத் தாராளமாகப் பூசி, மழைக்கால இரவில் அப்படியே வைத்துவிட்டுப் போனோம். காலையில் பார்த்தால் சுவர் அப்பளம் போல வளைந்து கிடக்கிறது! தோட்டத்து ஆசாரி வந்து சிரித்துவிட்டுக் காரணத்தைச் சொன்னார். பலகை ஈரத்தைக் குடித்தால் நரம்புக்குக் குறுக்கே ஊதும், நரம்பு ஓடுகிற பக்கம் அவ்வளவு ஊதாது. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளையத்தான் செய்யும். ஆகவே பசையைக் குச்சி நுனியால் பொட்டுப் பொட்டாக வைக்கவேண்டும். பெயின்ட் பூசினால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் பூசவேண்டும். காயும்வரை மேலே பாரம் வைக்கவேண்டும். மூலைக்கு மட்டப்பலகை பிடிக்கவேண்டும், ஒரு மூலை கோணினால் கடைசியில் கூரை உட்காராது. நிஜ வீட்டுக்கும் இதே கணக்குத்தான் என்றார்.

பெட்டியின் மேல் 1:87 என்று போட்டிருந்தது. நிஜத்தில் ஒரு அடி, மாதிரியில் மூன்றரை மில்லிமீற்றர். ஆறடிக் கதவு 21 மில்லிமீற்றர். பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். கணக்கில் சோம்பலான பையன்கூட மண்டபத்துத் தூண், பீலி, பிரட்டுக்களம் எல்லாவற்றையும் அளந்து மூன்றரையால் பெருக்கத் தொடங்கிவிட்டான்.

நமக்கு ரயில் புதிதில்லை. வட்டகொடைக்கும் கிரேட் வெஸ்டனுக்கும் இடையில் வளைந்து ஏறுகிற ரயிலைத் தினமும் மலையில் நின்று பார்க்கிறோம். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். அதே வருஷம்தான் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் துரை தேயிலை போட்டார். நானுஓயாவுக்கு 1885இல் வந்தது, பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆகிவிட்டது. கோப்பிக்காகக் கேட்ட பாதை கடைசியில் தேயிலையைச் சுமந்தது. நமது பாதை ஐந்தடி ஆறங்குல அகலம். அந்தக் கணக்குக்கு மாதிரித் தண்டவாளம் பத்தொன்பது மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரவேண்டும். கடையில் கிடைப்பது பதினாறரைதான், அது வெளிநாட்டு அகலம். அதனால் நம்ம பாதையைப் பிள்ளைகளே ஈர்க்குக் குச்சியில் செய்தார்கள்.

அப்போதுதான் ஏழாம் ஆண்டுப் பையன் ஒருவன் கேட்டான்: “சேர், ரயிலுக்குப் பக்கத்துல நம்ம லயம்தானே இருக்கு. லயத்துக்கு இந்த மாதிரிப் பெட்டி விக்கிறாங்களா?”

எங்களுக்குத் தெரிந்து விற்பதில்லை. மாதா கோயில், புகையிரத நிலையம், பண்ணை வீடு எல்லாம் விற்கிறார்கள். சரி, நாமே செய்வோம் என்றோம். இதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த அக்கா கொழுந்துக் கூடையோடு நேராக இங்கே வந்தார். “லயத்த விட்டுப் போகணும்னுதானே புள்ளையப் படிக்க வைக்கிறோம். நீங்க அதையே பொம்மையா செஞ்சு குடுக்கிறீங்களே” என்றார். நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இருக்கவில்லை. புகையிரத நிலையத்தை மட்டும் செய்வோமா என்று இரண்டு நாள் யோசித்தோம். பிள்ளைகள் காத்திருக்கவில்லை, அதற்குள் பணிய லயத்தை அளந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. மாதிரியில் 35 மில்லிமீற்றருக்கு 42. ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் சின்னது. முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஆறு, இடையில் ஒரே சுவர். மொத்த லயமும் 21 சென்ரிமீற்றர் நீளம். சுவருக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை. பெட்டி போய்க் கடதாசிச் சாக்கு வந்து எத்தனையோ வருஷம், ஆனாலும் பலர் வீட்டில் அந்தப் பலகை இன்னும் இருக்கிறது. மூன்று மில்லிமீற்றர் தடிப்பு என்றால் நிஜத்தில் பத்தங்குலம், கல் சுவருக்குப் பொருத்தம். கூரைத் தகரத்துக்குப் பால்மாப் பக்கற்றின் வெள்ளித்தாளைச் சீப்பின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தார்கள். அசல் தகரம்!

ஐஸ்பழக் குச்சியை இரண்டாகப் பிளந்து, ஐந்து மில்லிமீற்றர் அகலத்தில் ஆட்களையும் வெட்டினார்கள். பிறகு அந்தப் பையன் தன் வீட்டு எட்டுப் பேரையும் காம்பராவுக்குள் படுக்க வைத்துப் பார்த்தான். பின்பக்கம் நாலடி குசினிக்குப் போயிற்று. கட்டில் ஒன்று, கால்மாட்டில் அலுமாரி. கட்டிலில் அப்பாயியும் சின்னத் தங்கச்சியும். தரையில் ஐந்து பேரை நெருக்கிப் படுக்கவைத்தால் குசினிக்குப் போக இரண்டடி வழிதான் மிச்சம். ஒரு குச்சி அவன் கையிலேயே நின்றது.

“இது அண்ணன்” என்றான். “அண்ணன் இஸ்தோப்புலதான் படுக்கும். மழைன்னா சாக்கு கட்டிக்கும்.”

பதினைந்து வருஷமாக நாங்கள் அந்த லயத்துக்குப் போய்வருகிறோம். எத்தனை பேர் என்று எங்கள் புத்தகத்தில் எழுதியும் இருக்கிறது. எட்டு என்று எழுதியதுதான், எட்டாவது ஆள் எங்கே படுக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஒரு கடதாசியில் ஏழு பேர்ச் காணியை வெட்டினார்கள். இதே கணக்கில் ஒரு பக்கம் பதினைந்து சென்ரிமீற்றர் சொச்சம். அதில் இந்திய உதவி வீடுகளின் 550 சதுர அடியைக் கோடு போட்டு, பக்கத்தில் அந்தக் காம்பராவை வைத்தார்கள். நாலு காம்பரா உள்ளே வைத்தும் இடம் மிஞ்சியது. கோபப்பட்ட அக்காவும் அன்றைக்கு வந்திருந்தார். நீண்டநேரம் குனிந்து பார்த்தார். அண்ணன் குச்சியை எடுத்துக் கோடு போட்ட வீட்டுக்குள் வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, “சேர், கூரைய ஒட்டிடாதீங்க. வீட்டு லிஸ்டு பார்க்க ஆளுங்க வர்றப்ப, தூக்கிக் காட்டலாம்” என்றார்.

ஆகவே கூரை ஒட்டவில்லை. இரண்டு ஊசி குத்தி வைத்திருக்கிறோம், கழற்றலாம். பேச்சு முடிந்ததும் மேசைக்கு வந்து எல்லோரும் பாருங்கள். பன்னிரண்டு காம்பராவில் மூன்றுக்குத்தான் ஆட்கள் வைத்திருக்கிறது. மற்ற ஒன்பது வீட்டுக்காரரும் உங்கள் வீட்டில் யார் யார், எங்கே படுக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஐஸ்பழக் குச்சி இருந்தால் கழுவிக் கொடுத்தனுப்புங்கள். பிளேட் வேண்டாம், அது எங்கள் அலுமாரியில் பூட்டித்தான் இருக்கிறது.