இரண்டு மாதத்துக்கு வந்த மருத்துவர்

(மறைபரப்பு ஞாயிறையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



அக்டோபர் மாதம் நமக்கு இரண்டு நினைவுகளைச் சேர்த்துத் தருகிறது. 18ஆம் தேதி நற்செய்தியாளர் புனித லூக்காவின் திருவிழா. அதையொட்டி வருவது மறைபரப்பு ஞாயிறு. லூக்கா ஒரு மருத்துவர். கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் பவுல் அவரை அப்படித்தான் அன்போடு குறிப்பிடுகிறார். ஆகவே இன்று மருத்துவத்தையும் மறைபரப்பையும் சேர்த்தே சிந்திப்போம். தங்கள் கைத்திறமையை மட்டும் எடுத்துக்கொண்டு, சம்பளம் எதிர்பாராமல் ஏழை நாடுகளுக்குப் போகும் அறுவை மருத்துவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நல்ல சமாரியர் உவமை உங்கள் எல்லாருக்கும் தெரியும். நான்கு நற்செய்திகளில் லூக்கா மட்டுமே அதை எழுதியிருக்கிறார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவர் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறார். குரு விலகிப் போகிறார், லேவியர் விலகிப் போகிறார், சமாரியர் நெருங்கி வருகிறார். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் கதையைச் சொல்லச் சொன்னால், காயத்துக்குக் கட்டுப் போட்டார் என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அங்கேதான் நிறுத்தினேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோகிறார். அன்றிரவு கூடவே இருந்து கவனிக்கிறார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, இவரைப் பார்த்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறார். மருத்துவரான லூக்கா இந்தப் பகுதியை விடாமல் எழுதியிருப்பது என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்டது குருமடத்தில் அல்ல, ஒரு பெரியவரிடம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு மலையடிவாரப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கே அருள்சகோதரிகள் நடத்திய சிறிய மருந்தகம் ஒன்று இருந்தது. வெளியூரிலிருந்து ஒரு மருத்துவக் குழுவை அழைத்து, இலவச அறுவை முகாம் நடத்தினேன். மூன்று நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடலிறக்கம், கட்டி என்று அறுவை நடந்தது. நல்ல மருத்துவர்கள், நல்ல மனதோடு வந்தவர்கள். கடைசி நாள் எல்லாரும் கோயில் வாசலில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம். நான் நடுவில் நின்றேன்.

ஆறாம் நாள் ஒரு பெரியவருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தது. குழு ஊருக்குப் போய்விட்டது. மருந்தகத்துச் சகோதரி ஆண்டுத் தியானத்துக்குப் போயிருந்தார். நானும் ஊரில் இல்லை. வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி அரசு மருத்துவமனைக்குப் போனார் அவர். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஏழு வாரம் படுக்கையில் கிடந்தார். வீட்டில் இருந்த மூன்று ஆடுகளையும் விற்றுத்தான் சாப்பாட்டுச் செலவைப் பார்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. "சாமி, டாக்டருங்க நல்லாத்தான் பண்ணாங்க. அப்புறம்தான் யாருமே இல்ல" என்றார்.

அப்புறம் யாருமே இல்லை. அன்றுதான் சாவடிப் பொறுப்பாளர் எதற்காகக் கதையில் வருகிறார் என்று எனக்குப் புரிந்தது.

அன்பார்ந்தவர்களே, ஏழை நாடுகளில் மருத்துவப் பணி என்றதும் காய்ச்சல், ஊசி, மாத்திரை என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அங்கே பெரிய பற்றாக்குறை அறுவைச் சிகிச்சைக்குத்தான். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் ஒன்று 2015இல் ஒரு கணக்கைச் சொன்னது. பாதுகாப்பான அறுவைச் சிகிச்சையும் மயக்க மருந்தும் கட்டுப்படியாகும் செலவில் கிடைக்காதவர்கள் உலகில் 500 கோடிப் பேர். குழந்தை குறுக்கே கிடந்தால் தாய் இறந்துபோகிறாள். குடல்வால் வெடித்தால் இளைஞன் இறந்துபோகிறான். ஒடிந்த கால் கோணலாகக் கூடி, உழைத்தவர் உட்கார்ந்துவிடுகிறார். நம் ஊரில் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம், அங்கே ஒரு குடும்பத்தின் வாழ்வையே முடித்துவிடுகிறது.

இந்தப் பணிக்குப் போன ஒருவரின் கதையைக் கேளுங்கள். கனடா நாட்டின் மொன்றியால் நகரில் 1929இல் பிறந்தவர் லூசில் டீஸ்டேல். பெண்கள் அறுவை மருத்துவராவது மிக அரிதாக இருந்த காலத்தில் அந்தப் படிப்பை முடித்தவர். பியெரோ கோர்த்தி என்ற இத்தாலிய மருத்துவர் அவருக்கு அறிமுகமானவர். உகாண்டாவின் வடக்கே குலு நகருக்குப் பக்கத்தில் லாக்கோர் என்ற இடத்தில், கொம்போனி மறைபரப்பாளர்கள் 1959இல் தொடங்கிய புனித மரியா மருத்துவமனையைப் பெரிதாக வளர்க்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அறுவைப் பிரிவைத் தொடங்கித்தர இரண்டு மாதம் வந்து உதவ முடியுமா என்று லூசிலைக் கேட்டார். சம்பளம் தர முடியாது, விமானச் சீட்டும் சிகரெட் செலவும் மட்டும் தருகிறேன் என்றாராம். 1961இல் லூசில் போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த மருத்துவமனைச் சிற்றாலயத்திலேயே இருவருக்கும் திருமணம் நடந்தது. இரண்டு மாதம் முப்பத்தைந்து ஆண்டானது.

அந்த முப்பத்தைந்து ஆண்டும் அமைதியான காலம் அல்ல. இடி அமீனின் ஆட்சி வந்தது. அவர் வீழ்ந்த 1979ஆம் ஆண்டுப் போர் வந்தது. பிறகு வடக்கே நெடுங்காலம் உள்நாட்டுப் போர் நடந்தது. இரவில் கிராமத்தில் தூங்கப் பயந்து, ஆயிரக்கணக்கான மக்கள் பிள்ளைகளோடு மருத்துவமனை வளாகத்துக்குள் வந்து படுத்துக்கொள்வார்கள். காலையில் வெளிநோயாளிகளைப் பார்ப்பது, பிறகு அறுவை அரங்குக்குப் போவது என்று லூசில் செய்த அறுவைகள் ஏறத்தாழ 13,000. குண்டடிபட்ட உடல்களில் எலும்புச் சில்லுகளைக் கையால் தேடி எடுக்கும்போது கையுறை கிழியும், விரலும் கிழியும். அப்படித்தான் அவருக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1985இல் அது தெரியவந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உடல் இடம் கொடுத்தவரை லாக்கோரிலேயே நோயாளிகளைப் பார்த்தார். 1996 ஆகஸ்ட் 1ஆம் நாள் இறந்தார். அவர் உடல் அந்த மருத்துவமனை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

இதைக் கேட்டதும், ஆண்டவரே, இவ்வளவு நல்லவருக்கு ஏன் இப்படி என்று நம் மனம் கேட்கும். இறையியல் படித்த நானும் அதைத்தான் கேட்டேன். கடவுள் அவருக்கு நோயைக் கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நோயைக் கொடுத்தது போர், போரை நடத்தியவர்கள் மனிதர்கள். காயத்துக்குள் கையை விடுகிறவருடைய கையிலும் காயம் படும். சிலுவையைப் பற்றி எனக்குத் தெரிந்த விளக்கம் இவ்வளவுதான்.

ஆனால் லூசிலின் கதையில் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது அவருடைய சாவைப் பற்றி அல்ல. அவருக்குப் பிறகு யார் இருந்தார்கள் என்பதைப் பற்றி.

1983இல் மத்தேயு லுக்வியா என்ற உகாண்டா இளைஞர் பயிற்சி மருத்துவராக லாக்கோருக்கு வந்தார். அந்த மண்ணின் மைந்தர், அக்கோலி இனத்தவர். பியெரோவும் லூசிலும் அவரை வளர்த்தார்கள். பொறுப்பை அவர் கையில் கொடுக்க முடியும் என்று கண்டார்கள். 1989ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று கிளர்ச்சியாளர்கள் மருத்துவமனைக்குள் புகுந்து அருள்சகோதரிகளைக் கடத்திக்கொண்டு போக முயன்றார்கள். அவர்களை விடுங்கள், என்னைக் கொண்டுபோங்கள் என்று மத்தேயு முன்வந்தார். ஒரு வாரம் காட்டுக்குள் அவர்களோடு நடந்தபின்தான் விடுதலையானார். புனித வெள்ளியன்று நாம் கோயிலில் திருச்சிலுவையை முத்தி செய்கிறோம். அவர் அன்று சிலுவையைத் தோளில் எடுத்துக்கொண்டார். பின்னர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வெப்பமண்டல மருத்துவம் படித்துவிட்டு லாக்கோருக்கே திரும்பி வந்தார்.

2000ஆம் ஆண்டு அக்டோபரில் குலு பகுதியில் இனம்தெரியாத ஒரு காய்ச்சல் பரவியது. செவிலியர்களும் இறக்கத் தொடங்கினார்கள். அப்போது கம்பாலாவில் மேற்படிப்பில் இருந்த மத்தேயுவை வரச்சொன்னார்கள். அவர் வந்து நோயாளிகளின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, இது எபோலா கொள்ளைநோயாக இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். உடனே தனி வார்டு அமைத்தார். அந்தக் கொள்ளைநோயில் 425 பேர் பாதிக்கப்பட்டு 224 பேர் இறந்தார்கள். ஊழியர்கள் பயந்துபோய்க் கலங்கி நின்றபோது, தாம் போகப்போவதில்லை என்று சொல்லி அவர்களோடு நின்றார். நோயுற்ற செவிலியர் ஒருவரைக் காப்பாற்ற முயன்றபோது அவருக்கே நோய் தொற்றியது. டிசம்பர் 5ஆம் நாள் இறந்தார். லூசிலின் கல்லறைக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். 2003இல் இறந்த பியெரோவும் அங்கேதான் இருக்கிறார். கனடா, இத்தாலி, உகாண்டா என்று மூன்று நாட்டு மருத்துவர்கள் ஒரே வளாகத்தில்.

இன்று அந்த மருத்துவமனையில் ஏறத்தாழ 500 படுக்கைகள் இருக்கின்றன. குலு பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அறுவை செய்பவர்கள், செவிலியர்கள், நிர்வாகிகள் எல்லாரும் அந்த நாட்டினர். இரண்டு மாதத்துக்கு என்று வந்தவர் ஒரு சாவடியை உருவாக்கி, அதற்குப் பொறுப்பாளர்களையும் உருவாக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. நாமும் ஒரு காலத்தில் வழியோரம் கிடந்தவர்கள்தான். ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி மீண்டும் இயங்கச் செய்தார். அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் நம் நாட்டு மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவர் நம் கத்தோலிக்கத் திருஅவையைச் சேர்ந்தவர் அல்லர். அந்தச் சமாரியரும் எருசலேம் ஆலயத்தைச் சேர்ந்தவர் அல்லவே! பெற்றுக்கொண்ட நாம் இன்று கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம். நம் மறைமாவட்டங்களிலிருந்து படித்து வரும் மருத்துவர்களும் செவிலியர்களும் எத்தனை பேர்!

ஆகவே இளம் மருத்துவர்களே, ஆப்பிரிக்காவுக்கோ வேறு ஏழை நாட்டுக்கோ இரண்டு வாரம் போகலாமா என்று கேட்டு உங்களில் சிலர் என்னிடம் வருவதுண்டு. போங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு வாரத்தில் காப்பாற்றப்படும் உயிரும் உயிர்தான். ஆனால் புறப்படும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் திரும்பிய பிறகு தையலைப் பிரிப்பது யார்? அங்கே இருக்கும் யாருக்கு நான் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவேன்? மறுபடியும் எப்போது போவேன்? சமாரியரிடம் இந்த மூன்றுக்கும் பதில் இருந்தது. நமக்கு நன்றாகத் தெரியாத அறுவையை, ஏழைதானே என்று அங்கே போய்ச் செய்து பார்ப்பது பாவம் என்பதையும் தயங்காமல் சொல்கிறேன். ஏழையின் உடலும் தூய ஆவியார் தங்கும் ஆலயம்.

மற்றவர்கள், எங்களுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாதே சாமி என்பீர்கள். சாவடிப் பொறுப்பாளருக்கும் தெரியாது. அவர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருப்பார், துணியை அலசிப் போட்டிருப்பார், இரவில் எழுந்து தண்ணீர் கொடுத்திருப்பார். உவமையில் அவருக்கு ஒரு சொல்கூட வசனம் இல்லை. ஆனால் அவர் இல்லையென்றால் சமாரியரின் எண்ணெயும் திராட்சை மதுவும் வீண். இன்று மறைபரப்பு ஞாயிறு காணிக்கைத் தட்டில் நீங்கள் போடுவது அந்த இரண்டு தெனாரியம். உங்கள் தெருவில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் யாராவது இருந்தால், முதல் நாள் பழம் வாங்கிக்கொண்டு எல்லாரும் போவார்கள். நீங்கள் ஆறாம் நாள் போங்கள்.

இப்போது என் பங்கில் முகாம் நடத்த யாராவது கேட்டால், முடிந்த பிறகு ஒரு மாதம் பார்த்துக்கொள்ள உள்ளூரில் மருத்துவர் ஒருவர் ஒத்துக்கொண்ட பின்னரே நாள் குறிக்கிறேன். மூன்று ஆடுகள் கொடுத்து அந்தப் பெரியவர் எனக்குக் கற்றுத்தந்த பாடம் அது.

மன்றாடுவோம். எங்கள் காயங்களைத் தொட்டுக் குணமாக்கும் ஆண்டவரே, தொலைதூர நாடுகளில் ஏழைகளுக்காகக் கத்தி பிடிக்கும் கைகளை ஆசீர்வதியும். அவர்கள் விட்டுச்செல்லும் இடத்தில் தொடர்ந்து நிற்கும் செவிலியர்களையும் உள்ளூர் மருத்துவர்களையும் பலப்படுத்தும். எங்களையும் உமது சாவடியில் பொறுப்பாளர்களாக வைத்தருளும். நீர் திரும்பி வரும் நாளில், ஒப்படைத்தவர்களை நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று உம்மிடம் சொல்லும் வரத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.