இராமானுஜன் விட்ட ஓர் எண்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணக்கைப் பற்றிப் பேசப்போகின்றோம் என்றதும் சிலர் எழுந்துபோக எண்ணலாம். சற்றுப் பொறுத்தருளுங்கள், உடப்புக் கரையிலிருந்தே தொடங்குகின்றோம்.

கரைவலை இழுத்தபின் மீன் பங்கிடுவதை யாவரும் கண்டிருப்பீர்கள். பத்து மீனை மூவருக்கோ நால்வருக்கோ சரியாகப் பங்கிட இயலாது. பன்னிரண்டாயின் இருவர், மூவர், நால்வர், அறுவர் எவருக்கும் குறைவின்றி வரும். ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களைச் சினைகள் என்பர். 12க்கு ஆறு சினைகள். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை.

இவ்வாறு தம்மிற் சிறியவை எல்லாவற்றையும் சினைத் தொகையில் வெல்லும் எண்களை ஆராய்ந்தவர் ஈரோட்டிற் பிறந்த சீனிவாச இராமானுஜன். 1915ஆம் ஆண்டில் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அதற்காகவே அவருக்குப் பட்டம் அளித்தது. இன்றுள்ள கணிப்பொறிகள் இல்லாத அக்காலத்தில், அத்தகைய எண்கள் 102ஐ அவர் நிரற்படுத்தினார். இறுதி எண் 6,746,328,388,800. அதன் சினைகள் 10,080.

ஆயினும் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293,318,625,600, அஃதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 என்பவற்றை ஒவ்வொரு முறையும் வைத்துப் பெருக்கினால் அது வரும். இம்முறைத் தொகை ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2, சினைகள் 5,040 எனக் காணலாம். வியப்பு யாதெனில், விடுபட்ட இவ்வெண்ணை 23ஆற் பெருக்கினால் அவருடைய இறுதி எண்ணே வருகின்றது!

மிஷன் பாடசாலையில் ஆசிரியர் சொன்னதையும், வீட்டிற் பெரியோர் சொன்னதையும் மறுபேச்சின்றி ஏற்று வளர்ந்தவர்கள் நாம். மேதையின் நிரலைச் சரிபார்ப்பது அடக்கமின்மையோ என்று முதலில் அஞ்சினோம். பின்னர் நாமே பெருக்கிப் பார்த்தோம். சரியான விடை வருமுன் இரு முறை பிழைத்தோம். அப்போதுதான் 102 எண்களைக் கண்டவரின் உழைப்பு எத்தகையதென்று விளங்கிற்று. விடுபட்டதைப் பிறர் கண்டதால் அவர் புகழ் குன்றவில்லை, நிரலே நிறைவுற்றது.

ஆதலின் ஒரு விண்ணப்பம். சங்கக் கணக்கேட்டை இளைஞர் கூட்டிப்பார்க்கக் கேட்டால், அதைப் பெரியோர் அவமதிப்பாகக் கொள்ளற்க. பிழை கண்ட இளைஞரும் ஏட்டை எழுதியவரினும் தாம் பெரியர் என்று எண்ணற்க. பங்கு சரியாக வரவேண்டுமென்பதே இருவருக்கும் நோக்கமாகுக.