கூலிக் கணக்கெழுதிய மந்திரி

ஸ்வீடன் தேசத்தில் யோஸ்டா பாகே என்று ஒருவர் இருந்தார். 1882ல் பிறந்தவர், ஸ்டாக்ஹோமில் பொருளாதாரப் புரொபசர். தொழிற்சங்கங்கள் கூலியை நிர்ணயிப்பதைப் பற்றி 1917ல் நூலெழுதிப் பட்டம் பெற்றார். 1860 முதல் 1930 வரை அந்நாட்டுக் கூலிக்காரனுக்குக் கிடைத்தது என்னவென்று கணக்கெடுத்த ஆராய்ச்சியும் அவர் நடத்தியதே. இந்த உழைப்பை நாம் அற்பமென்று சொல்லமாட்டோம்.

ஆனால் அவர் கண்ட முடிவென்ன? வேலையில்லாத் திண்டாட்டத்தைப்பற்றி 1931ல் சர்க்கார் கமிட்டிக்கு எழுதியபோது, கூலி இறங்க மறுப்பதை ஒரு முக்கிய காரணமாகக் காட்டினார். இறங்க வேண்டியது பசித்தவன் கூலி மாத்திரந்தானா? முதலாளி லாபமும் வீட்டு வாடகையும் இறங்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறோம். அதே கமிட்டிக்கு 1934ல் எழுதிய மிர்டால் என்ற வாலிபரோ, சர்க்காரே செலவு செய்து வேலை கொடுக்கலாமென்றார்!

பாகே 1935ல் வலதுசாரிக் கட்சித் தலைவரானார். யுத்தம் வரவே, 1939 டிசம்பரில் சமதர்மக் கட்சி ஹான்சன் அமைத்த கூட்டு மந்திரிசபையில் சேர்ந்து 1944 வரை இருந்தார். இலாகா எது தெரியுமா? சர்ச்சும் கல்வியும் சேர்ந்தது! பாதிரி விவகாரமும் பள்ளிக்கூடமும் ஒரே மேஜையில். வேறு மதத்தில் சேராமலே சர்ச்சைவிட்டு விலக ஜனங்களுக்கு உரிமை தந்த சட்டம் 1951ல்தான் வந்தது. பாகே இறந்ததும் அவ்வருஷமே.