ஆற்று மக்களும் ஆற்று நீரும்



தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்களுக்குப் பொதுக்குழாயைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் வாளியை வரிசையில் வைத்துவிட்டு, பிரட்டுக்கு நேரமாகிறதே என்று தவித்தது பலருக்கும் நினைவிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து லயத்தில் குழாயைத் திறந்தே போட்டுவிட்டால், கடைசி லயத்தில் தண்ணீர் நூல்போல ஒழுகும். அதற்காக நடந்த சண்டைகள் கொஞ்சமா? தண்டல் வரைக்கும் போன வழக்குகளும் உண்டு. நம் பாட்டன்மார் ஊரில் இதையே மேல்மடை, கடைமடை என்று சொல்வார்கள்.

இதே தகராறு ஒரு பெரிய ஆற்றுக்கே வந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் அப்படித்தான் நடந்தது. இன்று அந்தக் கதையைப் பார்ப்போம்.

அரிசோனா பெரும்பகுதி பாலைநிலம். அதன் குறுக்கே ஹீலா என்றோர் ஆறு மேற்கு நோக்கி ஓடி, கொலராடோ ஆற்றில் கலக்கிறது. ஹீலாக் கரையில் வாழும் பழங்குடியினரை வெள்ளையர் பீமா என்று அழைத்தார்கள். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அகிமெல் ஓஓதாம். அதற்கு ஆற்று மக்கள் என்று பொருள். பெயரிலேயே ஆறு இருக்கிறது, கவனியுங்கள். வெள்ளையர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவர்களுடைய முன்னோர் வாய்க்கால் வெட்டி, சோளமும் அவரையும் பருத்தியும் பயிரிட்டார்கள். பின்னர் கோதுமையும் வந்தது. 1849-இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாகப் போனவர்களுக்கு வழியில் தானியம் விற்றுப் பசியாற்றியவர்கள் இவர்கள்தாம். கடன் கேட்டு நின்ற மக்கள் அல்லர். ஊருக்குச் சோறு போட்ட விவசாயிகள்.

1859-இல் அரசாங்கம் இவர்களுக்கென்று நிலத்தை ஒதுக்கியது. நிலம் இருந்தது, ஆனால் தண்ணீர் நிலைக்கவில்லை. 1870-களிலிருந்து ஆற்றின் மேற்பகுதியில் குடியேறியவர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார்கள். ஒருவர் எடுத்தது போதாதென்று இன்னொருவர் அவருக்கும் மேலே போய் எடுத்தார். கடைமடைக்கு மணல்தான் வந்தது. கோதுமை விற்றவர்கள் பட்டினி கிடந்தார்கள். பாலையில் வளரும் மரங்களை வெட்டி, விறகாக விற்று வயிறு கழுவினார்கள். பிறகு அரசாங்கம் கொடுத்த மாவையும் கொழுப்பையும் தின்று வாழ நேர்ந்தது. வயல் வேலையும் போய், உணவும் மாறிய இந்தச் சமூகம், உலகிலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட சமூகங்களில் ஒன்றாயிற்று. நோய்க்குக் காரணம் பல இருக்கலாம். ஆறு வற்றியதை அதில் சேர்க்காமல் விட முடியாது என்பது நம் கருத்து.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தண்ணீருக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்பது அது. அப்படியானால் ஆற்று மக்களுக்கு முந்தியவர் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். கேள்வி சரிதான். ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? அமெரிக்கப் பழங்குடியினர் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924-இல்தான். அவர்களுக்காக வாதாட வேண்டியது அரசாங்கம். மேலே குடியேறியவர்களுக்கு நிலத்தை வழங்கிக்கொண்டிருந்ததும் அதே அரசாங்கம். துரையிடமே துரையைப் பற்றிப் புகார் சொன்ன கதைதான்.

இதற்கிடையில் வடக்கே மான்டானா மாநிலத்தில் வேறொரு வழக்கு எழுந்தது. மில்க் ஆற்றங்கரையில் ஃபோர்ட் பெல்நாப் என்னும் பழங்குடி ஒதுக்கு நிலம் 1888-இல் அமைந்தது. மேலே இருந்த குடியேறிகள் அதன் தண்ணீரையும் மறித்தார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1908-இல் தீர்ப்பானது. வறண்ட நிலத்தைக் கொடுத்து, அதில் உழுது பிழையுங்கள் என்று சொன்னால், உழுவதற்கு வேண்டிய தண்ணீரும் அதோடு ஒதுக்கப்பட்டதாகவே பொருள் என்றது நீதிமன்றம். ஒப்பந்தத்தில் தண்ணீர் என்ற சொல் இல்லாவிட்டாலும் அந்த உரிமை உண்டு. சில காலம் பயன்படுத்தாமல் விட்டாலும் அது அழியாது. வின்டர்ஸ் தீர்ப்பு என்று இதைச் சொல்வார்கள்.

தீர்ப்பு வந்ததும் ஹீலாவில் தண்ணீர் ஓடிவிடவில்லை. 1930-இல் கூலிட்ஜ் அணை திறக்கப்பட்டது. ஆற்று மக்களின் துயரைத் தீர்க்கவே இந்த அணை என்று பேசப்பட்டது. ஆனால் 1 லட்சம் ஏக்கர் பாசனத் திட்டத்தில் பாதிதான் அவர்களுக்கு, மறுபாதி வெளியாருக்கு. அணையின் நீர் தேங்கியதோ அப்பாச்சி என்னும் மற்றொரு பழங்குடியினரின் நிலத்தில். ஒரு கண்ணுக்கு மருந்து என்று சொல்லி மறு கண்ணைக் குத்தியதுபோல ஆயிற்று. மழை பொய்த்த ஆண்டுகளில் அணையிலும் தண்ணீர் இல்லை.

பல பத்தாண்டுகள் வழக்கும் பேச்சும் நடந்த பிறகு, 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓர் உடன்பாட்டைச் சட்டமாக்கியது. ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி தண்ணீர் ஆற்று மக்களுக்கு என்று முடிவாயிற்று. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீரே ஓர் ஏக்கர்-அடி. ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர். அதற்கு மேல் கேட்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைந்த தண்ணீர் ஹீலா ஆற்றினுடையது அல்ல. தொலைவிலுள்ள கொலராடோ ஆற்றிலிருந்து நீண்ட கால்வாய் வழியே வருவது. மேலே மூன்று தலைமுறையாகப் பயிர் செய்துவந்த குடும்பங்களை விரட்டவும் முடியாது. பாட்டன் செய்த குற்றத்துக்குப் பேரன் வயலைக் காயப்போடுவதா என்ற கேள்வியும் இருந்தது. ஆகவே வேறோர் ஆற்றைக் கொண்டுவந்து கணக்கை நேர் செய்தார்கள். முழு நியாயமா என்றால், இல்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

இப்போது அந்தக் கொலராடோ ஆறே வற்றிவருகிறது. 2023-இல் ஒரு புதுமை நடந்தது. தங்கள் பங்கில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் நீர்த்தேக்கத்திலேயே விட்டுவைக்க ஆற்று மக்கள் இசைந்தார்கள். அதற்கு அரசாங்கம் ஆண்டுக்கு 5 கோடி டாலர் வீதம் 3 ஆண்டுகளுக்கு ஈடு தர ஒப்புக்கொண்டது. ஒரு காலத்தில் தண்ணீர் கேட்டு நின்றவர்களிடம் நாடே தண்ணீர் கேட்கிறது.

எல்லாப் பழங்குடியினருக்கும் இப்படி வாய்க்கவில்லை. அதே 2023-இல் நவஹோ மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் தண்ணீரைத் தேடிக் கொண்டுவந்து தரும் கடமை அரசாங்கத்துக்கு இல்லை என்று கூறிவிட்டது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நான்கு பேர் மறுபுறம். அவர்களில் பல குடும்பங்கள் இன்றும் வண்டியில் தொட்டி வைத்துத் தண்ணீர் சுமக்கின்றன.

ஹீலாவில் இன்னொன்றும் நடந்தது. நிலத்தடியில் நீர் சேர்ப்பதற்காக, தங்களுக்குக் கிடைத்த தண்ணீரில் கொஞ்சத்தை ஆற்று மக்கள் வறண்ட படுகையிலேயே ஓரிடத்தில் திறந்துவிட்டார்கள். சிறிது காலத்தில் அங்கே சம்பங்கோரை முளைத்தது, பறவைகள் வந்தன. அவர்களுடைய பெண்கள் பெயர்பெற்ற கூடைகளைப் பின்னுவது இந்தக் கோரையையும் வில்லோ மரக் குச்சியையும் கொண்டுதான்.