வெடித்த கரிசல்



ஊர்ப் பெயரிலேயே வெற்றியை வைத்திருப்பவர்கள் நீங்கள். எப்போதும்வென்றானில் நின்றுகொண்டு, ஆசைப்பட்ட முதல் காரியம் கைகூடாத ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர், நம்ம எழுத்தாளர் கி.ரா.

1923-இல் பிறந்த அவருக்கு எழுத்துக்கு முந்தியது பாட்டு. ராக ஆலாபனைக்குப் பேர்போன விளாத்திகுளம் சுவாமிகளிடம் போய்ச் சங்கீதம் கற்றவர். காருகுறிச்சியார் நாகசுரம் என்றால் உயிர். அப்படிப்பட்ட கி.ரா.வை இளவயசிலேயே காசநோய் பிடித்தது. பாட்டுக்காரனுக்கு முதலே மூச்சுதான். நோய் கை வைத்ததோ நெஞ்சில்!

கச்சேரி மேடை வாய்க்கவில்லை. ஆனால் ஐயா, காது எங்கே போகும்? சுருதி பார்த்துப் பழகிய அந்தக் காதைச் சம்சாரிகள் பேச்சில் வைத்தார். நம்ம ஊரில் 'ஆமா' என்றால் சம்மதம். அதையே 'ஆமா...ஆ' என்று இழுத்துப் பாருங்கள், கேலி! வெடுக்கென்று சொன்னால் சண்டை. ஒரு சொல்லில் மூன்று ராகம். அதைக் கேட்ட மாதிரியே எழுதினார்.

1958-இல் 'சரஸ்வதி' இதழில் முதல் கதை வந்தபோது முப்பதைத் தாண்டி நாலைந்து வருஷம். 1976-இல் 'கோபல்ல கிராமம்' நாவல். 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி. 1991-இல் 'கோபல்லபுரத்து மக்க'ளுக்குச் சாகித்ய அகாதெமி விருது. பள்ளிப்படிப்பை முடிக்காதவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக்கியது!

அவர் வாழ்க்கையும் நம்ம மண் மாதிரிதான். சித்திரை வெயிலில் நம்ம கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். வெளியூர்க்காரன் பார்த்தால் மண் செத்துப்போச்சு என்பான். சம்சாரிக்குத் தெரியும், அந்த வெடிப்பு வழியாகத்தான் முதல் மழை அடிமண்ணுக்கு இறங்கும். மழை நின்ற பிறகும் பருத்தி நிற்பது அந்த ஈரத்தில்தான்.

நோயிலும் நாலுவழிச்சாலை விபத்திலும் அடிபட்டு முடங்கிய பிள்ளைகள் நம்ம தெருக்களிலும் இருக்கிறார்கள். போனதைப் பற்றித் துக்கம் விசாரித்தது போதும். மிச்சம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். ஆச்சியோ அவ்வாவோ பேசும் பழஞ்சொற்களைக் காதால் கேட்டு எழுதட்டும். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டை இதே மேடையில் வாசிப்போம்.