மன்றமும் அரங்கும்: ஒரு வட்டாரத்தின் மொழியை அளப்பது எப்படி?



மொழியியல் பயின்ற நமக்கு நகரத் திட்டமிடலில் என்ன வேலை என்று இன்றைய தலைப்பைக் கண்டு சிலர் எண்ணியிருக்கக்கூடும். பண்பாட்டு வட்டாரம் ஒன்றில் திரையரங்கு கட்டுவதற்கோ, பழைய திரையரங்கை மாற்றியமைப்பதற்கோ விண்ணப்பம் வரும்போது நகர நிர்வாகம் எவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். கட்டடத்தின் உயரம், முகப்பு, வாகன நிறுத்துமிடம், தீப்பாதுகாப்பு ஆகியவை அளக்கப்படுகின்றன. அந்த அரங்கில் எந்த மொழி ஒலிக்கும் என்பதும், அதன் வரவால் வெளியே எந்த மொழி ஓயும் என்பதும் அளக்கப்படுவதில்லை. அளக்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் நம் பிழையொன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவோம். பல்லாண்டுகளுக்கு முன், இந்தியர்கள் கூடிப் புழங்கிய ஒரு தெருவிலிருந்த பழைய படக்கொட்டகையை வேறு பயன்பாட்டிற்கு மாற்றும் முயற்சி நடந்தது. கருத்துரை தருமாறு நம்மைக் கேட்டிருந்தார்கள். நாம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தோம். அதில் பெரும்பகுதி முகப்பிலிருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைப் பற்றியது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகவில்லை என்றும், எழுத்துருவைப் பழைய வடிவிலேயே காக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியிருந்தோம். நாம் சொன்னபடியே செய்தார்கள். முகப்பு நின்றது, பலகையும் பிழையின்றி நின்றது. சில ஆண்டுகள் கழித்து அவ்வழியே சென்றபோது உள்ளே எட்டிப் பார்த்தோம். அங்கே ஒரு தமிழ்ச் சொல்லும் நம் காதில் விழவில்லை. படம் விட்டதும் கூட்டமாக வெளியே வந்து, கதையைப் பேசியபடியே தேநீர்க் கடைக்கு நடந்த மக்களைப் பற்றி நாம் ஒரு வரியும் எழுதவில்லையே என்று அன்றுதான் உறைத்தது. மொழியைத் தொழிலாகக் கொண்ட நாமே எழுத்தைக் கண்டு பேச்சைக் காணாமல் விட்டோம் என்றால், கட்டட வரைபடத்தை மட்டும் பார்க்கும் அதிகாரியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

நம் முன்னோர் இவ்விரண்டையும் சேர்த்தே அளந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மாணவர்கள் அறிவீர்கள். மாதவி ஆடிய அரங்கின் அளவை இளங்கோவடிகள் துல்லியமாகத் தருகிறார்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். இரு வாயில்களையும் மூவகைத் திரைகளையும் குறிக்கிறார். ஒரு கட்டட அதிகாரிக்கு வேண்டிய விவரம் அத்தனையும் அங்கே உண்டு. அதே காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரோடு, மொழியின் முறையறிந்து பாட்டியற்றும் புலவனுக்குரிய தகுதியும் கூறப்படுகிறது. அரங்கின் அளவும் அரங்கில் ஒலிக்கும் மொழியின் தகுதியும் ஒரே இடத்தில் வைத்துப் பேசப்பட்டன. பின்னாளில் நாம் அவற்றை வெவ்வேறு அலுவலகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டோம்.

மன்றம் என்னும் சொல்லும் கருதத்தக்கது. பழைய வழக்கில் அது ஊரார் கூடும் மரத்தடிப் பொதுவெளியைக் குறித்தது. இன்று மாநகர் மன்றம் என்று நிர்வாக அமைப்பைக் குறிக்கிறோம். கூடிப் பேசும் இடத்தின் பெயரே முடிவெடுக்கும் அமைப்பிற்கும் பெயராயிற்று. ஆகவே கூடிக் கேட்கும் ஓர் இடத்தைப் பற்றி மன்றம் முடிவெடுக்கும்போது, அங்கே கூடுவோரின் மொழியைக் கருத்திற் கொள்வது அதன் பெயருக்கும் பொருந்தும்.

இனி, அருகிலுள்ள சான்றுகளுக்கு வருவோம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் விளிம்பில், மெக்கன்சி சாலையில் உள்ள ரெக்ஸ் திரையரங்கு 1946-இல் திறக்கப்பட்டது. 1983-இல் மூடப்பட்டு, இடையில் வேறு பயன்பாடுகளைக் கண்டு, 2009-இல் இந்தியத் திரைப்படங்களைக் காட்டும் அரங்காக மீண்டும் திறந்தது. இதற்கிடையே 1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஆக, வட்டாரம் காக்கப்பட வேண்டியது என அறிவிக்கப்பட்ட ஆண்டில் அந்த அரங்கில் படம் ஓடவில்லை. பாதுகாப்பு அறிவிப்பு கடைவீடுகளின் சுவரையும் கூரையையும் அஞ்சடியையும் காக்கும். அரங்கிற்குள் எந்த மொழியில் படம் ஓட வேண்டும் என்று அது சொல்லாது. 2009-இல் அங்கே இந்திய மொழிகளை மீண்டும் ஒலிக்கச் செய்தது வணிகத் துணிவு.

அதே வட்டாரத்தில் மொழி தொடர்பான இன்னொரு நிகழ்வு நமக்குப் பாடமாக அமைகிறது. தேக்கா என்பது மூங்கிலைச் சுட்டும் ஹொக்கியென் பெயரிலிருந்து வந்த சொல். தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய எல்லார் வாயிலும் அது பழகிவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் எழுந்த புதிய சந்தைக் கட்டடத்திற்கு அதே பெயரின் மாண்டரின் வடிவமான ஜூஜியாவ் என்பதைச் சூட்டினார்கள். எழுத்து அளவில் அதில் தவறில்லை, பொருளும் ஒன்றே. ஆயினும் மக்கள் வாய் அதை ஏற்கவில்லை. 2000-இல் அக்கட்டடம் தேக்கா நிலையம் என்று மறுபெயர் பெற்றது. அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தது கீரைக் கடையிலும் மீன் கடையிலும் நாள்தோறும் நடந்த பேச்சு. நிர்வாகம் அப்பேச்சுக்குச் செவிகொடுத்தது. அதற்காக நாம் அதனைப் பாராட்டுகிறோம்.

இப்போது ஒரு மாநகர் மன்றத்தின் மேசைக்கே செல்வோம். பினாங்கு ஜார்ஜ் டவுன் 2008-இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஜார்ஜ் டவுனில் மட்டும் மைய வட்டாரமும் சூழ் வட்டாரமும் சேர்ந்து 259.42 ஹெக்டேர். கடைத் தெருவை ஒட்டிய லிட்டில் இந்தியா அதனுள் அடங்கும். அங்கே திரையரங்கு ஒன்று கட்ட விண்ணப்பம் வருவதாகக் கொள்வோம். புதிய கட்டடம் 18 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பதை மன்றம் பார்க்கும். 2016-இல் அரசிதழில் வெளியான சிறப்புப் பகுதித் திட்டத்தோடு ஒப்பிடும். சூழ்ந்துள்ள கடைவீடுகளின் வரிசையோடு முகப்பு ஒத்துப்போகிறதா என்றும் ஆராயும்.

யாருடைய குரல் கேட்கப்படும்? வட்டாரத் திட்டம் இல்லாத இடங்களில், விண்ணப்பத்தைப் பற்றி அண்டை நிலவுடைமையாளர்களுக்கு அறிவித்து, 21 நாள்களுக்குள் மறுப்புரைக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் கூறுகிறது. நிலவுடைமையாளர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பூக்கட்டும் பெண்மணி வாடகைக்கு இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வரும் தொழிலாளி அவ்வட்டாரத்தில் குடியிருப்பவரே அல்லர். வட்டாரத்தின் மொழியை நாள்தோறும் பேசி வாழ வைப்போருக்கு அந்த அறிவிப்பு சென்று சேராது.

இத்தனைக்கும் மொழியைக் கருத்திற்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம், தொட்டுணர முடியாத மரபுடைமைக்கு விளக்கம் தரும்போது மொழிகளையும் வாய்மொழி வழக்குகளையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் மொழியை அம்மரபின் ஊர்தியாகக் குறிக்கிறது. அவ்வுடன்படிக்கையை மலேசியா 2013-இலும் சிங்கப்பூர் 2018-இலும் ஏற்றன. ஏட்டில் உள்ள இந்த ஏற்பு, கட்டட விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் படிவத்திற்குள் இறங்கி வர வேண்டும்.

ஆசிரியர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம். திரைப்படம்தானே மாணவரின் தமிழைக் கெடுக்கிறது, அதற்காக நாம் வாதாடலாமா என்று கேட்கலாம். இத்தடையை நாம் எளிதாக ஒதுக்கவில்லை. 1952-இல் வெளிவந்த பராசக்தியின் உரையாடல்கள் எழுத்துத் தமிழின் நடையில் அமைந்தவை. 1977-இல் வந்த பதினாறு வயதினிலே போன்ற படங்கள் சிற்றூர்ப் பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்தன. இன்றைய படங்களில் ஆங்கிலக் கலப்பு மிகுதி. ஆயினும் மொழியியல் நோக்கில் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வட்டார, சாதி அடையாளங்களைக் கடந்த பொதுப் பேச்சுத் தமிழ் ஒன்று உருவானதில் திரைப்படத்திற்குப் பெரும் பங்குண்டு என்பதைப் பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஹெரால்டு ஷிஃப்மன் எடுத்துக்காட்டியுள்ளார். சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தரப் பரிந்துரைத்தது. நாம் வகுப்பில் கற்பிக்க விழையும் அதே பேச்சு, அரங்கில் பாடநூலின்றி ஒலித்து வந்துள்ளது.

இன்றைய நிலையில் இதற்குத் தேவை கூடியிருக்கிறது. சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 2010-இல் 32.3 விழுக்காட்டினர், 2020-இல் 48.3 விழுக்காட்டினர். வீட்டில் ஒலி குறையும்போது வெளியே அம்மொழி ஒலிக்கும் இடங்களின் மதிப்பு உயர்கிறது. கைப்பேசியில் எல்லாப் படமும் கிடைக்கின்றனவே எனலாம். கைப்பேசியில் தனியே கேட்கிறோம். அரங்கில் முந்நூறு பேர் ஒரே சொல்லுக்கு ஒரே நொடியில் சிரிப்பதைக் கேட்கும் சிறுவன், தன் வீட்டு மொழி ஊர் மொழியும்தான் என்று உணர்கிறான்.

ஆகவே திரையரங்கு என்றாலே மன்றம் இசைய வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. திரையரங்கு சன்னல் இல்லாத பெருங்கட்டடம். நெருங்கி நிற்கும் கடைவீடுகளுக்கு நடுவே அது எழுந்தால் தெருவுக்கு வெற்றுச் சுவரையே காட்டும். அஞ்சடியின் தொடர்ச்சியும் அறுபடும். அதன் வரவால் வாடகை ஏறினால் பூக்கடையும் மளிகைக் கடையும் இடம்பெயரும். இரண்டு மணி நேரம் உள்ளே தமிழ் ஒலித்து, நாள் முழுதும் வெளியே ஒலித்த தமிழ் அற்றுப்போனால் அது மொழிக்கு இழப்பே. வரவு செலவு இரண்டையும் எழுதிப் பார்த்தே கூற இயலும்.

அதற்கு மன்றம் மூன்று வினாக்களை விண்ணப்பப் படிவத்தில் சேர்த்தாற்போதும் என்பது நம் பணிவான கருத்து. முதலாவது, எந்தெந்த மொழிப் படங்கள் வாரத்திற்கு ஏறத்தாழ எத்தனை காட்சி காட்டப்படும்? இரண்டாவது, பள்ளி நாடகத்திற்கும் குமுகாய நிகழ்ச்சிக்கும் அரங்கு கட்டுப்படியாகும் வாடகையில் கிடைக்குமா? மூன்றாவது, சுற்றியுள்ள சிறு கடைகளில் எத்தனை இடம்பெயர நேரும்?

இதே மொழியில்தான் படம் காட்ட வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது, கூடவும் கூடாது. கேட்பதும், விடையைப் பதிவதும், முடிவெடுக்கும்போது அதற்கு ஓர் எடை தருவதும் இயலும். அரசு நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது சில இடங்களில் விலையோடு கருத்துருவையும் மதிப்பிடும் முறை சிங்கப்பூரில் உண்டு. 1930-இல் திறந்து 1998-இல் மூடப்பட்ட கேப்பிட்டல் திரையரங்கு 2015-இல் 977 இருக்கைகளோடு மீண்டும் திறந்தது. இருக்கைகளைத் தரைக்கடியில் மறைத்துத் தளத்தைச் சமன்செய்யும் பொறியமைப்பும் அங்கே உண்டு. ஓர் அரங்கு திரைக்கும் மேடைக்கும் விழாவுக்கும் பயன்படுமாறு முதலிலேயே திட்டமிட முடியும் என்பதற்கு அது சான்று. பொறியியலில் இவ்வளவு முன்யோசனை இயலுமெனில், மொழியிலும் இயலும்.

மன்றம் வினவினால் விடை தர நம்மிடம் தரவு வேண்டும். அது மாணவர்களாகிய உங்கள் பணி. தெருப் பலகைகளில் உள்ள மொழிகளை ஆராயும் மொழிக்காட்சி ஆய்வு, 1997-இல் லாண்ட்ரி, பூரி ஆகியோர் எழுதிய கட்டுரைக்குப்பின் விரிவாக வளர்ந்தது. பலகைகளை எண்ணுவது நல்ல தொடக்கம். அதனோடு நில்லாமல் காதையும் திறந்து வையுங்கள். ஒரு தெருவைத் தேர்ந்து, ஒரு சனிக்கிழமை மாலை, கடைக்குக் கடை எந்த மொழியில் விலை கேட்கப்படுகிறது, எந்த மொழியில் விடை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேசுவோரின் பெயரோ குரற்பதிவோ வேண்டா. மொழியும் நேரமும் இடமும் போதும். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு இதனைச் செய்தால் பத்தாண்டுகளில் ஒரு தெருவின் பேச்சு வரலாறு நம் கையில் இருக்கும். அடுத்த விண்ணப்பம் மன்றத்திற்கு வரும்போது ஆசிரியர் ஒருவர் அதை எடுத்துச் சென்று முன்வைக்கலாம்.

அன்று நாம் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கங்களில் அத்தகைய ஒரு பட்டியல் இணைக்கப்பட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதி கூற மாட்டோம். எதை இழக்கிறோம் என்பதையேனும் அனைவரும் அறிந்து முடிவெடுத்திருப்பார்கள். அந்த வாய்ப்பை நாம் தவறவிட்டோம். நீங்கள் தவறவிடாதீர்கள் என்று கேட்டு அமைகிறோம்.