சிறு தொகைக் கடன் ஓலை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியம் அன்று. தமிழாசிரியன் மேடையேறினால் கம்பனையோ இளங்கோவையோ பேசுவான் என்று எதிர்பார்த்து வந்தோர் பொறுத்தருள்க. சில மாதங்களாக நம்மவர் பலர் தத்தம் கைப்பேசியை எம்மிடம் நீட்டி, "ஐயா, இஃது என்னவென்று பாருங்கள்" எனக் கேட்கின்றனர். பார்த்தால், யாரோ ஒரு வசூல் நிறுவனத்தார் பெயரால் வந்த மின்னஞ்சல். "தாங்கள் இன்ன வங்கிக்கு 1,940 ரூபாய் நிலுவை வைத்துள்ளீர். 48 மணி நேரத்துள் கீழ்க்காணும் இணைப்பில் செலுத்தாவிடின் வழக்கும் கைதும் நேரும், உறவினர்க்கும் அறிவிக்கப்படும்" என்பது வாசகம். தொகை சிறிது, உறுமல் பெரிது. இத்தகைய ஓலை வந்தால் என் செய்வது என்பதே இன்றைய பேச்சு.

தொகை ஏன் சிறிதாக உளது என்பதை முதற்கண் ஆராய்வோம். இரண்டு இலட்சம் எனின் வக்கீலிடம் ஓடுவோம். அண்ணன் தம்பியரைக் கலப்போம். 1,940 ரூபாய்க்கு வக்கீலிடம் சென்றால் அவர்க்குத் தரும் கட்டணம் அதனினும் மிகும். ஆகவே, "போனால் போகிறது, தொலையட்டும்" என்று கட்டிவிடுவோம். அந்தத் 'தொலையட்டும்' என்னும் சொல்லை நம்பியே வஞ்சகர் வலை விரிக்கின்றனர். அத்தொகை மட்டுமே அவர்க்கு வேண்டுவது எனவும் எண்ணற்க. இணைப்பைத் தொட்டவுடன் தோன்றும் பக்கம் அட்டை எண்ணைக் கேட்கும். பின்னர்க் கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்கும். அவ்விரண்டும் கொடுத்தபின் 1,940 என்பது வெறும் இரை. தூண்டில் கணக்கிலுள்ள முழுத் தொகையிலும் பாயும்.

இனி, நாம் அஞ்சுவது பணத்திற்கு அன்று. எம்முடன் பணியாற்றி ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர்க்கு இத்தகைய ஓலை வந்தது. 2015இல் ஒரு வங்கியின் கடன் அட்டையைப் பெற்று, மறு ஆண்டே அதனைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். ஓலையில் அவர் பெயரும் அட்டையின் இறுதி நான்கு இலக்கங்களும் பிழையின்றி இருந்தன. தலைமுறை தலைமுறையாக மாணாக்கர்க்கு வட்டிக் கணக்குக் கற்பித்தவர், "ஆண்டுக் கட்டணம் ஏதேனும் விட்டுப்போயிருக்குமோ" என்று ஐயுற்று மூன்று நாள் உறங்கவில்லை. மனைவியாரிடமும் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் அறிந்தால் என் நினைப்பர் என்பதே அவர் கவலை. 1,940 ரூபாய் அவர்க்கு ஒரு பொருட்டன்று. 'கடன்காரர்' என்னும் சொல்லே பொருட்டு. நம் குலத்தார் பலர்க்கும் இவ்வியல்பு உண்டு. மானம் காப்பது நன்றே. ஆயினும் அந்த மானத்தை மறைவில் வைத்துக் காக்க முற்படுங்கால், அதற்கு விலை பேசுவோன் எளிதில் வந்துவிடுகின்றான்.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட வரலாற்றை நம்மில் அறியாதார் சிலரே இருப்பர். நாவலூரரின் மணப்பந்தலில், முன்பின் அறியாத முதியவர் ஒருவர் தோன்றி, "நீ எனக்கு வழியடிமை, ஓலை உளது" என்றார். அதனைப் பத்தியோடு படிப்பதே முறை. எனினும் எதிர்பாராது வந்த ஒரு வழக்கை எவ்வாறு ஆராய்வது என்பதற்கும் அவ்விடம் நமக்கு உதவுகின்றது. நாவலூரர் சினந்து ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழித்ததனால் வழக்கு ஒழிந்ததோ? இல்லை. கிழிந்தது படியோலை என்றும், மூல ஓலை வேறு உளது என்றும் முதியவர் சொல்லிவிட்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் வந்தவரின் சொல் உரப்பைக் கேட்டுத் தீர்ப்பளித்திலர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுக என்றனர். மூல ஓலை வந்தபின், பாட்டனார் கையெழுத்தை அவரே எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கினர்.

வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கினரே, அதுவே ஈண்டு நமக்கு வேண்டுவது. மின்னஞ்சலில் கண்ட எண்ணுக்கே பேசி, "இது மெய்தானா" என வினவினால், எழுதியவனே எதிரில் இருந்து "மெய்தான்" என்பான். ஆதலின் ஓலையிலுள்ள இணைப்பையும் எண்ணையும் இணைத்தனுப்பிய கோப்பையும் தொடாது, நம் கையிலுள்ள பழைய கணக்கறிக்கையிலோ, அட்டையின் பின்புறத்திலோ, பாஸ்புத்தகத்திலோ அச்சிட்டுள்ள எண்ணுக்குப் பேசுக. கிளைக்கு நேரில் செல்வது இன்னும் நன்று. வங்கிகள் தம் இணையத்தளப் பெயர் 'பேங்க்.இன்' என்று முடியுமாறு 2025 அக்டோபர் 31க்குள் மாற்றிக்கொள்ள வேண்டுமென ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. இணையத்தில் தேடுவோர்க்கு அஃது ஓர் அடையாளம். வசூல் முகவரை அமர்த்தும் வங்கி, அம்முகவர் இன்னார் எனக் கடன்பட்டவர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 2008இலேயே ரிசர்வ் வங்கி வகுத்த விதி. 2022 ஆகஸ்டில், காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் பேசலாகாது, உறவினர் நண்பர் முன் இழிவுபடுத்தலாகாது என்றும் அறிவுறுத்தியது. எனவே "உறவினர்க்கு அறிவிப்போம்" என்று எழுதுபவன் வஞ்சகனாயினும் மெய்யான முகவனாயினும் விதியை மீறியவனே.

கைது என்னும் சொல்லைக் கண்டு நடுங்குவோர்க்கு ஒன்று சொல்லுவோம். வாங்கிய கடனைக் கட்டவில்லை என்னும் அது ஒன்றற்காகக் காவலர் வந்து கைது செய்யார். அது சிவில் வழக்கு. செக்குத் திரும்பிய வழக்கும் மோசடி வழக்கும் வேறு. சிவில் வழக்கில் தீர்ப்பே ஆயினும், 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி, தீர்ப்புத் தொகை 2,000 ரூபாய்க்கு மேற்படாதாயின் சிவில் சிறையில் வைக்க உத்தரவிடலாகாது. பணத்தீர்ப்பை நிறைவேற்றப் பெண்டிரைக் கைது செய்தலாகாது என்பது அதன் 56ஆம் பிரிவு. பெருந்தொகைக்குங்கூட, வறுமையால் கட்ட இயலாதவனைச் சிறையிடலாகாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. 1,940 ரூபாய்க்குச் சிறை என்று எழுதியவன் ஒன்று சட்டம் அறியாதவன். அன்றேல், நாம் அறியோம் என்று அறிந்தவன்.

காலவரம்பு என ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் வழக்கிடல் வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கட்கு இது புதிதன்று. புரோநோட்டின் பின்புறத்தில் பத்து ரூபாயேனும் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நோட்டுக்கு மேலும் மூன்று ஆண்டு உயிர் கொடுப்பாரைக் கண்டவரே அவர். அதே நுணுக்கம் இங்கும் உளது. வரம்பு கழியுமுன் கடனை ஒப்பி எழுதிக் கையொப்பமிட்டாலும், சிறுபகுதி செலுத்தி அதற்குக் கையெழுத்து இருந்தாலும், காலம் புதிதாக ஓடத் தொடங்கும். கழிந்தபின், கட்டுவதாக எழுதிக் கையொப்பமிட்டால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவால் அவ்வுறுதி செல்லும். ஆகவே வாய் தவறியும் "அடுத்த மாதம் கட்டிவிடுகிறேன்" என்று விடை எழுதற்க. இதனை யாம் கூறுவது கடனை ஏமாற்றும் வழி கற்பித்தற்கு அன்று. தமிழில் கடன் என்னும் சொல் கொண்ட பொருளுக்கும் பெயர், கடமைக்கும் பெயர். வழக்கிடும் காலம் கழிந்தாலும் மெய்யான கடன் கடனே. அதனைத் தீர்ப்பது நம் மனத்தைப் பொறுத்தது. ஆனால் மெய்யோ பொய்யோ எனத் தெரியுமுன் ஒப்புதல் தருவது அறமும் அன்று, அறிவும் அன்று.

மெய்யாகவும் இருக்கலாம் என்பதை மறத்தலாகாது. திருவெண்ணெய்நல்லூர் வழக்கும் மெய்யென்றே முடிந்தது. சென்னையில் பணிபுரியும் நம் இளைஞர் ஒருவர் இத்தகைய ஓலையைப் பொய்யெனக் கொண்டு அழித்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, அவர் கடன் அறிக்கையில் அந்தச் சிறு நிலுவை நின்றது. வங்கியிலேயே செலுத்தி, நிலுவையின்மைச் சான்று பெற்று, அறிக்கை திருந்துமளவும் வீடு காத்திருந்தது. இவ்வறிக்கையை நாமே பார்க்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்னும் நான்கு நிறுவனத்தாரும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை விலையின்றித் தருதல் வேண்டும் என்பது 2017 முதல் நடக்கும் விதி. அதில் பிழை கண்டு முறையிட்டு, 30 நாளில் தீர்வு வாராவிடின், நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தருமாறு ரிசர்வ் வங்கி 2023இல் விதித்தது. நம்மவருள் எத்தனை பேர் இவ்வறிக்கையைப் பார்த்துளர்? பஞ்சாங்கம் பாராத வீடு நம்மில் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை இதனையும் பார்த்தால் குறைவில்லை.

வங்கிக்கு எழுதுங்கால் நாலு வரி போதும். "இக்கடனை யாம் ஒப்பவில்லை. இக்கணக்கு உம்முடையதா, எந்நாளில் எதற்காக எழுந்த தொகை, வசூலுக்கு எவரை அமர்த்தினீர் என எழுத்தில் தெரிவிக்க" என்று குறைதீர்ப்பு அலுவலர்க்கு எழுதி, வந்த ஓலையின் நகலை இணைக்க. ஓலை அனுப்பியவர்க்கு யாதும் எழுதவேண்டா. கணக்காசிரியர் நாலாம் நாள் அவ்வாறே செய்தார். அட்டை 2016இலேயே நிலுவையின்றி முடிந்தது, அப்பெயரில் எம் முகவர் எவருமிலர் என்று ஒன்பதாம் நாள் விடை வந்தது. அவர் பெயரும் இலக்கமும் எவ்வழியோ கசிந்திருக்க வேண்டும். அவை சரியாக இருப்பது ஒன்றே கடனுக்குச் சான்றாகாது.

முன்னரே பணம் செலுத்தியவர் எவரேனும் இங்கிருப்பின், வெட்கி வாளாவிருக்கவேண்டா. 1930 என்னும் எண்ணுக்கு உடனே பேசுக, வங்கிக்கும் சொல்லுக. பணம் கைமாறிக் கைமாறிச் செல்லுமுன் நிறுத்துதற்கு முதற்சில மணி நேரமே வாய்ப்பு.

சங்க வாசகசாலையில் ஞாயிறுதோறும் மாலை யாம் இருப்போம். ஓலை வந்தோர் அதனை அழியாது கைப்பேசியோடு வருக, கூடியிருந்து படிப்போம். பிறர் அறிவரோ எனக் கூசுவோர் கூட்டம் கலைந்தபின் வரலாம். எட்டு மணி வரை விளக்கு எரியும்.